இல்லை என்பதும் ஒரு பொருள்

மாதந்தோறும் 11-ஆம் தேதி வந்தால் ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் கணக்கறைதான் பரபரப்பாக இருக்கும். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு அன்றே கடைசி நாள். கணக்கர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யூஎஸ்பி துளையில் செருகுகிறார், கடவுச்சொல்லைத் தட்டுகிறார், காத்திருக்கிறார். திரையின் நடுவே ஒரு சின்னக் கட்டம் முளைக்கிறது. எம்எஸ்விசிபி140.டிஎல்எல் என்ற கோப்பைக் காணவில்லை, ஆகவே மேற்கொண்டு ஓட முடியாது, நிரலை மறுபடி நிறுவினால் சரியாகலாம் என்கிறது அந்தக் கட்டம். நேற்று மாலைவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் அது. இடையில் அதை யாரும் தொடவில்லை.

அடுத்து நடப்பது எல்லா ஊருக்கும் பொது. முதலில் மென்பொருளைத் திட்டுவார்கள். பிறகு கணினியை ஒருமுறை அணைத்து எழுப்புவார்கள். அதற்கும் மசியாவிட்டால் 'சிஸ்டம் பார்க்கிற பையனுக்கு' போன் போகும். மென்பொருளில் பழுதே இல்லை என்பது அவர் வந்து பார்த்த பிறகுதான் தெரியும். அது இத்தனை நாளும் சாய்ந்து நின்ற ஒன்று, அதற்குச் சொந்தமில்லாத ஒரு பொதுக் கோப்பு, இருந்த இடத்தில் இல்லை.

ஓர் இயந்திரம் இவ்வளவு உறுதியாக 'இல்லை' என்று சொல்லும்போது தத்துவம் படித்தவர்களுக்குக் காது நிமிரும். இல்லாத ஒன்றை அறிவது எப்படி? பிறிதொன்றின் துணையில்லாமல் தானே நிற்கும் பொருள் ஏதும் உண்டா? எல்லோரும் சாய்ந்திருக்கும் ஒன்றைக் காக்கும் கடன் யாருடையது? தோல் தொழில் செழித்த இந்தப் பாலாற்றுக் கரையின் மேலும் கீழும் பல நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்ட கேள்விகள் இவை.

முதலில் அந்தக் கோப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் கல்யாண பிரியாணிக்குத் தேவையான பெரிய தேக்சாவை எந்தக் குடும்பமும் வீட்டில் வைத்திருப்பதில்லை. வைக்க இடமும் இருக்காது, ஆண்டில் ஒரு நாளுக்கு மேல் தேவையும் வராது. பல ஊர்களில் ஜமாஅத்துக்கென்று பொதுப் பாத்திரங்கள் உண்டு. கோயிலை நடுவில் வைத்து வாழும் ஊர்களிலும் அண்டா, குண்டான், ஜமக்காளம் என்று ஊர்ப் பொதுச் சாமான் இருக்கும். கல்யாணம் வந்தால் எடுத்துப் போவார்கள், கழுவித் திருப்பி வைப்பார்கள்.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். எழுத்தைத் திரையில் காட்டுவது, எண்களை வரிசைப்படுத்துவது, அச்சுக்கு அனுப்புவது, மறையாக்கம் செய்வது போன்ற வேலைகள் ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் வேண்டும். ஒவ்வொரு நிரலும் அவற்றைத் தனக்கென எழுதி வைத்துக்கொண்டால் வட்டு நிறையும், நினைவகம் திணறும். 1985-இல் வந்த முதல் விண்டோஸ் வெறும் 256 கிலோபைட் நினைவகத்தில் ஓட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் பொதுச் சாமான் அறை தவிர்க்க முடியாததாயிற்று. விண்டோஸில் அந்த அறையில் உள்ளவற்றுக்கு டிஎல்எல் என்று பெயர், லினக்ஸில் எஸ்ஓ. பொதுவாகச் சொன்னால் பகிர்வு நூலகம். கணக்கரின் திரையில் பெயர் வந்ததே, அது விஷுவல் ஸ்டுடியோ 2015-உடன் வெளிவந்த சி++ நூலகத்தின் ஒரு பகுதி. வரிக்கணக்கு மென்பொருளை எழுதியவர் அதை எழுதவில்லை. 'இது எனக்கு வேண்டும்' என்று ஒரு குறிப்பை மட்டும் தன் நிரலில் விட்டுவைத்தார். நிரலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பைப் பார்த்து இயங்குதளம் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது.

தேடிக் கிடைக்காதபோதுதான் கட்டம் முளைக்கிறது. இங்கே நியாய-வைசேஷிக மரபு கைகொடுக்கிறது. உலகில் உள்ளவற்றை வகைப்படுத்திய அந்த மரபினர் திரவியம், குணம், செயல் என்று அடுக்கிக்கொண்டே போய், ஏழாவது பதார்த்தமாக 'அபாவம்' என்பதையும் சேர்த்தார்கள். இன்மையும் ஒரு பொருள் என்பது அவர்கள் துணிபு. அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகம் இதைச் சுருக்கமாகச் சொல்லித் தருகிறது. அந்த நூலைத் தமிழில் தந்தவர் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர். காஞ்சிபுரத்தில் தங்கிக் காஞ்சிப் புராணம் பாடியவர், 1785-இல் மறைந்தவர். ஆம்பூரைத் தாண்டி ஓடும் அதே பாலாறு காஞ்சிக்குத் தெற்கே கடலை நோக்கிப் போகிறது.

அபாவம் நால்வகை என்பார்கள். குடம் வனையப்படும் முன் களிமண்ணில் குடம் இல்லை, அது முன்னின்மை. குடம் உடைந்த பின் ஓட்டுச்சில்லில் குடம் இல்லை, அது அழிவுக்குப் பின் வரும் இன்மை. காற்றில் நிறம் எக்காலத்திலும் இல்லை, அது என்றும் இன்மை. குடம் துணியல்ல, துணி குடமல்ல. ஒன்றில் மற்றொன்று இல்லாதது நான்காவது. பள்ளிக்கூடப் பாடம்போலத் தோன்றும் இந்தப் பகுப்பைப் பழுது பார்க்கும் பையன் தன்னை அறியாமலே தினமும் கையாள்கிறார். புதுக் கணினியில் அந்த சி++ நூலகம் நிறுவப்படவே இல்லையா? வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைச் சந்தேகித்துத் தூக்கி எறிந்துவிட்டதா, வட்டு பழுதாகி அழிந்ததா? விண்டோஸ் 10-இல் மட்டுமே உள்ள ஒரு கோப்பை விண்டோஸ் 7-இல் தேடிக்கொண்டிருக்கிறோமா? அல்லது கோப்பு இருக்கிறது, பெயரும் சரி, ஆனால் 64-பிட் நிரலுக்கு 32-பிட் கோப்பு கையில் கிடைத்து, குடம் கேட்டவருக்குத் துணி நீட்டியதுபோல் ஆகிவிட்டதா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் 'மறுபடி நிறுவு' என்று ஒரே மருந்தைச் சொல்லும் கட்டத்தைவிட அன்னம்பட்டர் நுட்பமானவர்.

இரண்டாம் வகையில் ஒரு வியப்பு இருக்கிறது. உடைந்த குடம் திரும்ப வராது, அந்த இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை என்றார்கள் நியாயவாதிகள். குயவர் இன்னொரு குடம் வனையலாம், அது வேறு குடம். கோப்போ அப்படியில்லை. மீண்டும் நிறுவியது பைட்டுக்குப் பைட் பழையதேதான், எது பழையது எது புதியது என்று எவராலும் பிரிக்க முடியாது. குடத்தை வைத்துச் சிந்தித்தவர்களுக்கு முன் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் எத்தனை இரவுகள் வாதம் நடந்திருக்கும்!

இன்னொரு நுட்பமும் அவர்களிடம் உண்டு. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் அங்கே குடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் படாமல் போனால்தான் அது இன்மைக்குச் சான்று. மீமாம்சகர்களில் பாட்ட மரபினர் இந்தக் 'காணாமை'யைத் தனி அளவையாகவே கொண்டார்கள். விண்டோஸின் தேடலோ கட்டுப்பாடானது. நிரல் இருக்கும் அடைவு, பிறகு சிஸ்டம்32, பிறகு விண்டோஸ் அடைவு, பிறகு பாதைப் பட்டியலில் எழுதியுள்ள இடங்கள், பெரும்பாலும் இவ்வளவுதான். கோப்பு பதிவிறக்க அடைவில் பத்திரமாகக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே 'இல்லை' என்று அது சொல்வதை 'நான் பார்க்கும் இடங்களில் இல்லை' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் ஒருவரையொருவர் பற்றிச் சொல்லும் எத்தனையோ 'இல்லை'களுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தும்.

இன்மையை அறிந்தாயிற்று. ஆனால் தனக்குச் சொந்தமில்லாத ஒன்று போனதற்கு ஒரு நிரல் ஏன் படுத்துவிட வேண்டும்? இதற்கும் காஞ்சியில் ஒரு விடை உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை கடைசியில் வந்து சேருவது கச்சிமாநகருக்கு. அங்கே அறவண அடிகள் அவளுக்குச் சொல்லித் தருவது பௌத்தத்தின் உள்ளுறையான பன்னிரு சார்பு. பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தானாக நிற்பதில்லை. முன்னது இருப்பதால் பின்னது தோன்றுகிறது, முன்னது மீளப் பின்னது மீள்கிறது. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அதை ஓதிக் காட்டுவார்கள். பாலி மரபில் நாகசேனர் மிலிந்த அரசரிடம் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வியும் இதுவே: சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லையென்றால் தேர் எங்கே?

கணக்கரின் மென்பொருளை அதே கேள்வியோடு பிரித்துப் பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸில் டிபெண்டென்சி வாக்கர், லினக்ஸில் எல்டிடி. ஒரு நிரலைக் கொடுத்தால் அது எந்தெந்த நூலகங்களைச் சார்ந்தது, அவை எவற்றைச் சார்ந்தன என்று கிளை கிளையாக விரித்துக் காட்டும். சின்னஞ்சிறு நிரலுக்கே திரை நிரம்பும். இத்தனையும் கூடிய கூட்டத்துக்குத்தான் ஒரு பெயரும் ஒரு சின்னமும் கொடுத்து மேசைமேல் வைத்திருக்கிறோம்.

யாரையும் சாராமல் இருக்க வழியில்லையா? ஓரளவு உண்டு. வேண்டிய நூலகத்தையெல்லாம் நிரலுக்குள்ளேயே தைத்துவிடலாம், 'ஸ்டேட்டிக் லிங்க்கிங்' என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த தேக்சா. இடம் அடைக்கும், ஆனால் காணாமல் போகாது. நூலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால்தான் சிக்கல். பொதுக் கோப்பு என்றால் ஒரே இடத்தில் அடைக்கலாம், தைத்துவிட்டால் ஒவ்வொரு வீடாகப் போய் அடைக்க வேண்டும். அப்படித் தைத்த நிரலும் இயங்குதளத்தையும் சில்லையும் மின்சாரத்தையும் சார்ந்தேதான் ஓடுகிறது. பாலாற்றங்கரை விவசாயி ஒருவர் தன் நிலத்தில் தன் பணத்தில் கிணறு வெட்டிச் 'சொந்தக் கிணறு' என்று சொல்வதுபோல. கிணற்றின் சுவர் அவருடையது. அதில் ஊறும் நீர் ஊரின் நிலத்தடி முழுவதற்கும் பொது.

அந்த நீரைப் பற்றிப் பேசாமல் வேலூர், ஆம்பூர் பகுதியில் எந்தப் பொதுமையைப் பற்றியும் பேச முடியாது. கோப்பு காணாமல் போவதைவிடக் கெட்டுப்போவது ஏன் மோசம் என்பதை இந்த மண் நன்றாக அறியும். காணாமல் போனால் கட்டம் முளைக்கும், வேலை நிற்கும், யாராவது வந்து பார்ப்பார்கள். கெட்டுப்போன கோப்பு இருந்த இடத்தில் இருந்துகொண்டு, கேட்டவருக்கெல்லாம் தன்னைக் கொடுத்துக்கொண்டு, தவறான விடையைத் தரும்.

நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தெரியும். ஓட்டமெல்லாம் நிலத்தடியில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியப் பதனீடு பரவிய பிறகு, பச்சைத்தோலில் தடவி வந்த உப்பும் டிரம்மிலிருந்து வடிந்த குரோமியமும் அந்த நிலத்தடிக்கு இறங்கின. வாளியில் மொண்டால் அது தண்ணீர்போலவேதான் இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகச் சொல்லும் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும், கேடு நிரூபிக்கப்படும் முன்பே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்திய நாட்டின் சட்டமே என்று நிலைநாட்டப்பட்டது இந்த வழக்கில்தான். உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு வேலூர் என்ற பெயர் இதனால் அறிமுகம்.

சைவ சித்தாந்தத்தில் உயிரின் இயல்பைச் சொல்ல ஒரு தொடர் வழங்குகிறது: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு தன்னருகே வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் தான் சார்ந்ததன் நிறத்தை ஏற்கும். பௌத்தர்களோடு சித்தாந்திகள் வேறுபடும் இடம் இது. சார்புகளைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பதை இவர்கள் ஒப்பமாட்டார்கள். உயிர் என ஒன்று உண்டு, ஆனால் அது தனித்து விளங்காது, எதைச் சாருகிறது என்பதே அதன் கதியை முடிவு செய்யும் என்பார்கள். கெட்டுப்போன நூலகங்களைப் பொறுத்தவரை சித்தாந்திகளின் இந்தப் பார்வையே அதிகம் விளக்குகிறது.

2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் விவகாரம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்கும் வேலையைச் செய்யும் எளிய நூலகம். லினக்ஸ் உலகம் முழுவதும் அதைச் சார்ந்திருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின் என்பவர் பல ஆண்டுகளாகத் தன் சொந்த நேரத்தில் அதைப் பராமரித்துவந்தார். முன்போல் நேரம் தர இயலவில்லை என்று அவர் சொன்னபோது, முகம் தெரியாத சிலர் வேகம் போதாது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, நல்ல உதவிகளைச் செய்து, ஏறக்குறைய இரண்டாண்டுகளில் நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக்கதவை வைத்தார். தொலைவிலிருந்து சேவையகங்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரல் நேரடியாக இந்த நூலகத்தைத் தொடுவதே இல்லை. சில லினக்ஸ் தொகுப்புகளில் அது சிஸ்டம்டி நூலகத்தைச் சார்ந்தது, அந்த நூலகம் இதைச் சார்ந்தது. சார்பின் சார்பு வழியாக நஞ்சு ஏறியது.

பிடிபட்டது தற்செயலாக. மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் சோதனைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் பிடிப்பதைக் கவனித்தார். மற்றவர்கள் அலட்சியம் செய்திருக்கக்கூடிய அரை நொடி. அவர் விடவில்லை, தோண்டிக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்தார். சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பரவலான பயன்பாட்டுக்கு வரும் முன் அது தடுக்கப்பட்டது.

இத்தனை பேருக்கு உதவும் ஒன்றைக் காக்கும் பொறுப்பு ஏன் ஒரே மனிதரின் தோளில் கிடந்தது? 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்துக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ மதரஸாவில் ஃபிக்ஹு படித்த ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர் உடனே ஒரு சொல்லைச் சொல்வார்: ஃபர்ளு கிஃபாயா. இஸ்லாமியச் சட்டத்தில் கடமைகள் இரு வகை. தொழுகை, நோன்பு போன்றவை ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விழும் கடமை, ஃபர்ளு ஐன். மற்றொன்று சமூகத்தின் மீது மொத்தமாக விழுவது. ஊரில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கம் செய்ய வேண்டும். சிலர் முன்வந்து செய்துவிட்டால் மற்ற அனைவருடைய கடமையும் நீங்கும். எவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) இஹ்யா என்ற தன் நூலில் இந்தக் கடமையை மருத்துவம், கணிதம், உழவு, நெசவு வரை விரிக்கிறார். அதே இடத்தில் தன் காலத்து அறிஞர்கள் மீது அவர் வருந்தியதும் பதிவாகியிருக்கிறது. பெயரும் பதவியும் கிடைக்கும் சட்டக் கல்விக்கு எல்லோரும் ஓடுகிறார்கள், முஸ்லிமல்லாதவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லாத ஊர்கள் ஏராளம், அந்தக் கடமையை ஏற்க ஆளில்லை என்கிறார். புதுச் செயலி எழுத ஆயிரம் பேர் வரிசையில் நிற்க, எல்லோரும் சார்ந்த பழைய நூலகத்தைத் துடைத்து வைக்க ஒருவரும் வராத இன்றைய நிலை அவருக்கு விளங்கியிருக்கும். இந்தக் கடமையின் கூர்மை அதன் கணக்கில் இருக்கிறது. ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்காக அது குறைந்துவிடாது. செய்யப்படாமல் கிடக்கும் வரை ஒவ்வொருவர் மீதும் முழுதாகவே நிற்கும்.

இந்தப் பகுதி மக்களுக்கு இது ஏட்டுப் பாடம் மட்டுமாக இருந்ததில்லை. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியா கல்லூரி, உமராபாத்தில் 1924-இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் எனத் தலைமுறைகள் தாண்டி நிற்கும் பொதுச்சொத்துகளைக் கட்டிக் காத்திருக்கிறார்கள், தோல் வணிகக் குடும்பங்களின் கொடைக்கு அதில் பெரும் பங்குண்டு. ஒருவரிடம் நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்பார்கள் தமிழ் முஸ்லிம்கள். அதைத் திருப்பித் தரும்வரை கெடாமல் வைத்திருப்பது மார்க்கக் கடமை. கல்லூரியை அமானிதமாகக் கருதிய கைகளுக்கு நிலத்தடி நீரும் அமானிதமாகத் தெரிந்திருந்தால், நீதிமன்றத்துக்கு வேலை இருந்திருக்காது. இது ஒரு மதத்தாரிடமோ ஒரு தொழிலாரிடமோ மட்டும் கேட்கும் கேள்வியும் அல்ல. அனுமதி கொடுத்த அலுவலகம், மலிவான தோலை விரும்பி வாங்கிய அயல்நாட்டுச் சந்தை, அந்த ஷூவை அணிந்து நடந்தவர், எல்லோரும் இந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைக்குப் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு ஒன்று வருகிறது. ஏரியைக் காப்பதே அவர்கள் வேலை. ஓராண்டுதான் பதவி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. பொதுப்பொருளைக் காக்க ஆளையும் காலத்தையும் கணக்கையும் இவ்வளவு தெளிவாக வகுத்தவர்கள் நம்மவர்கள். ஆனால் குடத்துக்குள் பெயர் போக நிலமும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தது. ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

அந்தக் குறை இன்னும் தீரவில்லை. 1996 தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று கெடு விதித்தது. சிறிய டேனரிகளால் தனியாகக் கட்ட முடியாது. ஆகவே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பல ஆலைகளின் குழாய்கள் ஒரே நிலையத்துக்கு வந்து சேர்கின்றன, பல நிரல்கள் ஒரு நூலகத்தை அழைப்பதுபோல. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அத்தகைய பொது நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்து ஆலையில் படுத்துறங்கிய 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்த இடத்தில் அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை. எந்த எச்சரிக்கைக் கட்டமும் அவர்கள் கண்முன் முளைக்கவில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு சேர வேண்டும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். யார் கெடுத்தார்கள், எவ்வளவு ஈடு தர வேண்டும் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்தால் விடை காண முடியும். மாசுபடுத்துபவர் ஈடு செய்வது என்ற கோட்பாடு கெட்ட பிறகு விழிக்கும். கெடுவதற்கு முந்திய நீண்ட, சாதாரணமான நாட்களில் குழாயையும் சுவரையும் யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்குக் கிஃபாயா விழித்திருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் இருந்தால் முதலாவதற்கு 28 ஆண்டுகள் காத்திருக்க நேராது.

எக்ஸ்இசட் விவகாரம் வெடித்த பிறகு லாஸே காலின் திரும்பி வந்தார். இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களை ஆராய்ந்து, கள்ளக்கதவை அகற்றி, 2024 மே 29 அன்று 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அதன் வழிவந்த பதிப்புகள் இன்று பல சேவையகங்களில் ஓடுகின்றன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவினரின் கணினிகளிலும் அது இருக்கலாம்.

ஆம்பூர்க் கணக்கறைக்கு அந்தப் பையன் வந்துவிட்டார். இணையத்தில் அந்தக் கோப்பின் பெயரைத் தட்டினால் 'இலவசப் பதிவிறக்கம்' என்று நூறு தளங்கள் வரும். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே சி++ தொகுப்பை இறக்குகிறார், 64-பிட்டும் 32-பிட்டும் தனித்தனியாக. கோப்பின் பண்புகளைத் திறந்து அதிலுள்ள கையெழுத்து யாருடையது என்று பார்க்கிறார். நிறுவுகிறார். எஸ்எஃப்சி கட்டளையை ஓடவிட்டு மற்றப் பொதுக் கோப்புகளும் நலமா என்று காத்திருந்து பார்க்கிறார், அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அதற்குத் தனிக் காசும் இல்லை. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் கோப்பின் பெயர், பதிப்பு எண், தேதி மூன்றையும் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுகிறார். கணக்கர் டோக்கனை மறுபடி செருகுகிறார்.